ஒரு கிரகணக் கணக்கின் பயணம்

உன்னிச்சைக் குளத்தின் மடை எந்தத் தேதியில் திறக்கும் என்பதை அதிகாரிகளும் வேளாண்மைக்காரரும் கூடும் ஆரம்பக் கூட்டம் முடிவு செய்யும். முதல் நெல்லை எந்த நேரத்தில் விதைப்பது என்பதை வீட்டுச் சுவரில் தொங்கும் பஞ்சாங்கம் சொல்லும். மட்டக்களப்பின் படுவான்கரையில் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று இடையூறில்லாமல் நடக்கின்றன. வைகாசிப் பூரணைக்குக் கண்ணகி அம்மன் குளிர்த்தி, ஆடி அமாவாசைக்கு அமிர்தகழி மாமாங்கத் தீர்த்தம், சித்திரை வருடப் பிறப்பில் மருத்துநீர் வைக்கும் நேரம் எல்லாம் அந்தப் புத்தகத்திலிருந்துதான் ஊருக்குள் வருகின்றன.

வானியலை வீட்டுக்கு வீடு கொண்டுபோன புத்தகம் தமிழில் பஞ்சாங்கத்தைப் போல் வேறொன்றில்லை என்பது என் எண்ணம். அதில் ஒரு வரி மற்ற எல்லா வரிகளிலிருந்தும் வேறுபட்டது. சந்திர கிரகணம், ஸ்பரிசம் இத்தனை மணி, மத்தியம் இத்தனை மணி, மோட்சம் இத்தனை மணி என்று, நிழல் தொடும் நேரமும் நடு நேரமும் விலகும் நேரமும் அச்சிட்டிருக்கும் வரி அது. திதி சரியாக மாறியதா, நட்சத்திரம் சொன்ன நேரத்தில் முடிந்ததா என்று எவரும் முற்றத்தில் நின்று பார்த்துச் சொல்லிவிட முடியாது. நிலாவின் விளிம்பில் நிழல் ஏறுவதைக் குழந்தையும் பார்க்கும். பஞ்சாங்கத்தைக் கணித்தவர் தம் கணக்கை ஊரார் கண்முன் வைக்கும் இடம் அதுதான். அந்த ஒரு வரி உன்னிச்சைச் சுவர்வரை வந்துசேர்ந்த வழி மிக நீண்டது.

நிலா ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்கு அருகே வரும்போது ஒரு நாளில் 15 பாகைக்கு மேல் நகரும். தொலைவில் இருக்கும்போது 12 பாகையைத் தொடாது. ஒருமுறை அருகே வந்த நிலா மறுபடி அருகே வர ஏறத்தாழ 27 நாள் 13 மணி 19 நிமிடம் ஆகிறது. நாளை அலகாக வைத்துக் கணக்குப் பார்ப்பவருக்கு இந்த மிச்சம் பெரும் தொல்லை. ஆனால் அப்படி 9 சுற்று முடியும்போது மிச்சம் மறைந்து, ஏறத்தாழ முழுசாக 248 நாள் வந்துவிடுகிறது. அதாவது 248 நாளுக்கு நிலாவின் ஓட்டத்தை ஒருமுறை பட்டியலிட்டுவிட்டால், 249ஆம் நாள் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கலாம். பிழை சேரும்போது திருத்திக்கொள்ள 3031 நாள், அதாவது 110 சுற்று, என்று இன்னொரு பெரிய எண்ணும் உண்டு.

இந்த இரண்டு எண்களும் முதலில் கண்ணில் படுவது மேற்கே. பாபிலோனியரின் களிமண் பலகைகளில் 248 இருக்கிறது. எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பப்பைரஸ் சுவடிகளில் 248, 3031 இரண்டும் இருக்கின்றன. 6ஆம் நூற்றாண்டில் வராகமிகிரர் தொகுத்த பஞ்சசித்தாந்திகையில் வசிட்ட சித்தாந்தம் என்ற தலைப்பின் கீழ் அதே எண்கள் வருகின்றன. யார் எந்தக் கப்பலில் கொண்டுவந்தார், எந்த ஊரில் யாருக்குச் சொல்லிக் கொடுத்தார் என்பதற்கு ஏடு இல்லை. எண் மட்டும் வந்து சேர்ந்தது.

தென்னாட்டில் அந்த எண்ணுக்குப் புது உடல் கிடைத்தது. 248 நாளுக்கும் 248 சிறு வாக்கியங்கள். வரருசியின் பெயரால் வழங்கும் அவற்றில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இலக்கம். ககரத்துக்கு 1, டகரத்துக்கு 1, பகரத்துக்கு 1 என்று வகுத்த கடபயாதி முறை. வாக்கியத்தைச் சொன்னால் அதற்குள்ளேயே அன்றைய நிலாவின் இடம் பாகை, கலையாகப் பொதிந்திருக்கும். எழுத்தாணியும் ஓலையும் இல்லாமல் ஓர் அட்டவணை முழுவதையும் நாக்கில் வைத்திருக்கலாம். 1300ஐ ஒட்டித் தமிழ்நாட்டில் எழுந்த வாக்கியகரணம் என்ற நூல் இந்த முறையை ஒழுங்குபடுத்தியது. கேரளத்துச் சங்கமகிராம மாதவர் அடுத்த நூற்றாண்டில் வாக்கியங்களை இன்னும் நுட்பமாகத் திருத்தி அமைத்தார். வாக்கியப் பஞ்சாங்கம் என்று நாம் இன்றும் சொல்லும் பெயரின் வேர் இந்த வாக்கியங்கள்தான்.

இந்தக் கணக்கு ஐரோப்பியரின் கண்ணில் நன்றாகப் பட்டது புதுச்சேரியில். கியோம் லெ ஜான்தி என்ற பிரெஞ்சு வானியலாளர் 1761ஆம் ஆண்டு வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். அவர் வருமுன் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கடப்பு நாளில் அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பலில் அளவெடுக்க முடியவில்லை. ஊருக்குத் திரும்பாமல் அடுத்த கடப்புக்காக இந்தியப் பெருங்கடல் பக்கமே தங்கி, 1768இல் புதுச்சேரி வந்து, கருவிகளை நிறுத்தி, 1769 ஜூன் மாதக் கடப்புக்குக் காத்திருந்தார். அன்று காலை மேகம் மூடிக்கொண்டது. வானியல் வரலாற்றில் இவ்வளவு துயரமான காத்திருப்பு வேறில்லை.

ஆனால் அந்தக் காத்திருப்பில் அவர் ஒன்று செய்தார். உள்ளூர்த் தமிழ்க் கணிதரிடம் உட்கார்ந்து கிரகணக் கணக்கு கற்றுக்கொண்டார். பேனாவும் தாளும் இல்லாமல், சோழிகளைத் தரையில் நகர்த்தி, வாய்க்குள் வாக்கியத்தை முணுமுணுத்து அவர்கள் கணக்கிட்ட வேகம் அவரை வியக்கவைத்தது. 1765 ஆகஸ்ட் 30ஆம் தேதி நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் மொத்த நேரத்தைத் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துச் சொன்னது. அக்கால ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான தோபியாஸ் மேயரின் கணக்கோ 68 விநாடி கூட்டிச் சொன்னது. லெ ஜான்தியின் பயண நூல் வழியாக இந்தச் செய்தி பாரிசுக்குப் போனது. கணக்கு வந்த வழியே மேற்குக்குத் திரும்பிய பயணம் அது.

இந்தக் கணக்கை எழுதிவைத்த இரண்டாவது ஆள் ஜான் வாரன். பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறப்பு, ஆங்கிலேயப் படைச் சேவை, சில காலம் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பு என்று வாழ்ந்த இவர் 1825இல் காலசங்கலிதம் என்ற பெரிய நூலைச் சென்னையில் வெளியிட்டார். புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதரைத் தேடிப் பிடித்து, அந்த ஆண்டு மே 31, ஜூன் 1 இரவுக்குரிய சந்திர கிரகணத்தைக் கணிக்கச் சொன்னார். சாஷியா என்று வாரன் எழுதிவைத்திருக்கும் அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பினார். எந்த ஏட்டையும் புரட்டவில்லை. கணக்கின் ஒவ்வொரு படியையும் வாரன் பக்கத்தில் இருந்து குறித்துக்கொண்டார். கோட்பாடு எதுவும் அந்த மனிதருக்குத் தெரியாது என்றும் நினைவாற்றல் அபாரம் என்றும் வாரன் பதிவு செய்திருக்கிறார்.

முடிவு என்ன? தொடக்கத்தில் 4 நிமிடப் பிழை, நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம்.

நம் மேடைகளில் 41 விநாடிக் கதை அடிக்கடி கேட்கும். 52 நிமிடத்தைச் சொல்லி நான் கேட்டதில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் அந்தக் கணிதர்களுக்குச் செய்யும் மரியாதை. ஒரு கிரகணத்தில் பிழைகள் ஒன்றையொன்று தின்றுவிடலாம். இன்னொன்றில் எல்லாம் ஒரே பக்கம் சேரலாம். பல நூற்றாண்டுப் பழைய எண்களைக் கொண்டு, தொலைநோக்கி இல்லாமல், கையெழுத்துக்கூட இல்லாமல், நிலா எந்த இரவில் எந்த நேரத்தை ஒட்டி மறைக்கப்படும் என்று ஒருவர் மண் தரையில் சொல்லிவிட்டார் என்பதே போதுமான பெருமை. அதற்கு மேல் பூச்சு வேண்டாம்.

சாஷியாவின் கணக்கு 127 ஆண்டு வாரனின் புத்தகத்துக்குள் கிடந்தது. 1952இல் ஓட்டோ நொய்கபவர் என்ற கணித வரலாற்றாசிரியர் தமிழ் வானியல் என்ற தலைப்பிலேயே ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பாபிலோனியக் களிமண் பலகைகளை வாசிப்பதில் அவருக்கு நிகரானவர் அன்று எவருமில்லை. வாரன் எழுதிவைத்த படிகளைப் பார்த்தவருக்கு எண்கள் உடனே அடையாளம் தெரிந்தன. பாபிலோனில் எப்போதோ அழிந்துபோனதாக நினைத்த ஒரு கணக்கு மரபு 1825வரை தமிழ்க் கணிதர் ஒருவரின் வாயில் உயிரோடு இருந்திருக்கிறது என்று அவர் கண்டார்.

வாரனின் நூல் வந்த காலத்தை ஒட்டிக் கடலுக்கு இக்கரையில், இலங்கையில், அந்தக் கிரகண வரி ஒரு பெரிய சோதனைக்கு வந்தது. யாழ்ப்பாணத்து அராலி பஞ்சாங்கத்துக்குப் பேர்போன ஊர். 1667இல் அராலி இராமலிங்க முனிவர் அங்கே பஞ்சாங்கம் கணித்து வெளியிட்டதாகச் சொல்வார்கள். 1829இல் அதே ஊர் விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் மார்ச் 20ஆம் தேதிக்கு ஒரு சந்திர கிரகணத்தைக் குறித்திருந்தது. பக்கத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகளின் செமினரி. அதன் தலைவர் டானியேல் பூவர் ஐரோப்பிய முறையில் கணக்கிட்டுப் பார்த்தார். தொடக்கத்தில் கால் மணி நேரம் வேறுபாடு. கிரகணம் நீடிக்கும் காலத்தில் 24 நிமிடம் வேறுபாடு. நிலா எவ்வளவு மறையும் என்பதிலும் வேறுபாடு. பூவர் இதை ஊர் முழுக்க அறிவித்தார். எந்தக் கணக்கு சரி என்று வானத்தையே கேட்போம் என்ற போட்டி அது. பெரியவர்களும் மாணவரும் கூடி நின்று பார்த்தார்கள். வானம் பூவரின் கணக்குப்படி நடந்தது.

இலங்கையில் தமிழர் கூட்டமாகக் கூடி, இரண்டு கணக்குகளைக் கையில் வைத்துக்கொண்டு, வானத்தைச் சாட்சிக்கு அழைத்த அந்த இரவை எனக்குப் பெரிதும் பிடிக்கும். அதற்குப் பின்னால் நடந்தது பிடிக்காது. பஞ்சாங்கம் பிழைத்தது, ஆகவே புராணமும் பிழை, சமயமும் பிழை என்று மிஷனரிகள் வாதிட்டார்கள். பழைய எண்களில் சேர்ந்துபோன கால் மணி நேரப் பிழைக்கும் ஒருவரின் வழிபாட்டுக்கும் என்ன தொடர்பு? சாஸ்திரியாரின் பக்கத்தில் நின்றவர்களும் அதற்குப் பதிலாகக் கணக்கைத் திருத்துவதை விட்டு மானத்தைக் காக்கவே முனைந்தார்கள். இரண்டு பக்கமும் வானத்தை விட்டு வழக்குக்குப் போய்விட்டன.

ஒரு நல்லதும் விளைந்தது. வட்டுக்கோட்டை செமினரியில் ஐரோப்பிய வானியலோடு நம் சோதிடக் கணிதமும் சேர்த்துப் படிக்கப்பட்டது. அங்கே ஆசிரியராக இருந்த ஹென்றி ஹோசிங்ரன் 1848இல் யாழ்ப்பாணத்தில் அச்சிட்ட வானியல் நூல் நம் கணக்கு முறையை விரிவாக விளக்கியது.

அடுத்த திருப்பம் சென்னையில், நம்மவர் ஒருவராலேயே வந்தது. சிந்தாமணி ரகுநாதாச்சாரி பஞ்சாங்கக் கணிதர் மரபில் வந்து, சென்னை வானாய்வகத்தில் இளமையிலேயே வேலைக்குச் சேர்ந்து, முதல் உதவியாளராக உயர்ந்தவர். 1867இல் ஆர் ரெட்டிக்குலி என்ற ஒளி மாறும் நட்சத்திரத்தைக் கண்டறிந்தார். பகலில் வாக்கியமும் இரவில் தொலைநோக்கியுமாக இரண்டு உலகத்திலும் வாழ்ந்தவருக்கு எது தவறுகிறது என்று நன்றாகத் தெரியும். கண்ணால் கண்ட வானத்தோடு ஒத்துப்போகும்படி கணக்கைத் திருத்தித் திருக்கணிதப் பஞ்சாங்கம் வெளியிட்டார். 1874 டிசம்பர் 9ஆம் தேதி வெள்ளி சூரியனைக் கடக்கப் போவதைப் பொதுமக்களுக்கு விளக்க ஒரு சிறு நூல் எழுதி, அதை ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் வரச் செய்தார். லெ ஜான்தி பார்க்காமல் போன அதே காட்சி. சாதாரண மனிதருக்கு வானியலைச் சொல்லவேண்டும் என்ற கவலை நம் மண்ணில் எப்போது தொடங்கியது என்று கேட்டால் நான் இவரைத்தான் காட்டுவேன். பூவரிடம் இல்லாத ஒன்று இவரிடம் இருந்தது. பஞ்சாங்கக்காரரைத் தோற்கடிக்க இவர் எழுதவில்லை, இவரே பஞ்சாங்கக்காரர்.

இலங்கைத் தமிழ் வீடுகளுக்கு இன்று இரண்டு வகையும் வருகின்றன. கொக்குவிலிலிருந்து இரகுநாதையர் வாக்கியப் பஞ்சாங்கம்; மட்டுவிலிலிருந்து திருக்கணிதப் பஞ்சாங்கம். வருடப் பிறப்பு நெருங்கினால் பத்திரிகைகளில் இரண்டு நேரமும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாகும். எது சரி என்று ஒவ்வொரு சித்திரையிலும் வீட்டுக்குள் ஒரு பேச்சு எழும். இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மருத்துநீர் வைப்போம். ஏன் இரண்டு என்பதை மட்டும் பிள்ளைகளுக்கு எவரும் சொல்வதில்லை. ஒன்று மரபு வாக்கியங்களின்படி. மற்றது இன்று அளந்த வானத்தின்படி. இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

அளந்த வானம் என்றால் எவ்வளவு நுட்பமாக அளந்தது தெரியுமா? 1969இல் அப்பல்லோ 11இல் போனவர்கள் நிலாவில் ஒரு பிரதிபலிப்பானை வைத்துவிட்டு வந்தார்கள். பூமியிலிருந்து லேசர் ஒளியை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை அளக்கிறார்கள். நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிப் போகிறது என்பது அப்படித்தான் தெரியவந்தது. இந்த அளவுகள் சேர்ந்து உருவான கணக்கைக் கொண்டே இன்றைய கிரகண நேரங்கள் விநாடிச் சுத்தமாக வெளியாகின்றன. பாபிலோனின் களிமண்ணில் தொடங்கிய வரி நிலாவின் மண்வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறது.

இவ்வளவு தூரம் வந்த வரி, வீட்டுக்குள் விடையாக மட்டும் வந்து நிற்கிறது என்பதுதான் என் மனக்குறை. வழி வரவில்லை. இலங்கையில் வானியலைப் பொதுமக்களுக்குக் காட்டும் பெரிய ஏற்பாடுகள் மேற்குக் கரையில் இருக்கின்றன. 1965இல் திறந்த கோளரங்கம் கொழும்பில், ஆர்தர் சி. கிளார்க் நிறுவகத்தின் 45 சென்டிமீட்டர்த் தொலைநோக்கி மொரட்டுவையில். உன்னிச்சையிலிருந்து ஒரு பிள்ளை அங்கே போய்வரத் தீவைக் குறுக்காகக் கடக்கவேண்டும். ஆனால் அந்த நகரங்களில் இல்லாத இருட்டு உன்னிச்சையில் இருக்கிறது. சாதனம் அங்கே, வானம் இங்கே. கிழக்கில் இதற்கான மரபும் இல்லாமல் இல்லை. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானம் படித்துக் கற்பித்தவர். 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர். விஞ்ஞானத்தைத் தமிழில் சொல்ல முடியும் என்று நிறுவ அவர் பட்ட பாடு ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்காகத்தான்.

தொலைநோக்கி வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஏப்ரல் 9ஆம் தேதியை ஒட்டி உன்னிச்சைக்கு நேர் உச்சியில் சூரியன் வரும். நண்பகல் 12 மணி தாண்டிய சில நிமிடங்களில், நேராக நட்ட கம்புக்கு நிழல் இருக்காது. பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு கம்பும் ஒரு சுண்ணக்கட்டியும் போதும். செப்டெம்பர் 3ஐ ஒட்டி மறுபடி ஒருமுறை பார்க்கலாம். பிள்ளைகளுக்குப் புத்தாண்டு நாளையும் இதிலிருந்தே விளக்கலாம். இரவும் பகலும் சமமாகும் மார்ச் 20ஐ ஒட்டி ஒருகாலத்தில் நின்ற மேட சங்கிராந்தி, பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் 70 ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நாள் வீதம் தள்ளித் தள்ளி ஏப்ரல் 14க்கு வந்திருக்கிறது.

சந்திர கிரகணம் இன்னும் எளிது. கண்ணுக்கு எந்தத் தீங்கும் இல்லை. கண்ணாடி வேண்டாம், கருவி வேண்டாம். சூரிய கிரகணத்துக்குத்தான் அதற்கென்று செய்த வடிகட்டி கட்டாயம். நிலாவில் ஏறும் நிழலின் விளிம்பு வளைந்திருப்பதைப் பார்க்கச் சொல்லுங்கள். அது நாம் நிற்கும் பூமியின் விளிம்பு. பூமியின் நிழலே நிலாவை மறைக்கிறது என்று ஆரியபடர் 499ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கிறார். ராகு, கேது என்று பஞ்சாங்கம் குறிப்பவை நிலாவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள்; அந்தப் புள்ளிகளுக்கு அருகில் பூரணை வாய்த்தால் மட்டும் கிரகணம். வயிற்றுப்பிள்ளைத் தாய்மாரை அறைக்குள் பூட்டிவைக்க அந்த நிழலில் எந்த நஞ்சும் இல்லை. அவர்களும் வெளியே வந்து பார்க்கட்டும்.

பஞ்சாங்கம் வெளியிடுவோரிடம் ஒரு வேண்டுகோள். கிரகணம் வரும் ஆண்டில் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். ஸ்பரிச நேரத்தின் கீழே ஒரு படம், இந்த நேரம் எப்படிக் கிடைத்தது என்று நாலு வரி, நீங்களே பார்த்துச் சரிபாருங்கள் என்று ஓர் அழைப்பு. உங்கள் புத்தகம் போகும் வீடுகளுக்கு எந்த விஞ்ஞான நூலும் போவதில்லை.

மட்டக்களப்பு ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். 2028 டிசம்பர் 31 இரவு இலங்கை முழுவதும் தெரியக்கூடிய முழுச் சந்திர கிரகணம் வருகிறது. 8.40ஐ ஒட்டி நிழல் ஏறத் தொடங்கும், 9.45ஐ ஒட்டி நிலா முழுதும் நிழலுக்குள் போய் ஏறத்தாழ 71 நிமிடம் அங்கே இருக்கும். நள்ளிரவு கடந்து சில நிமிடங்களில் நிழல் விலகும். மாரி மழைக்காலம் என்பதால் மேகம் குறுக்கிடலாம். ஆனாலும் பிள்ளைகளை உன்னிச்சைக் குளக்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு கையில் வாக்கியப் பஞ்சாங்கம், மறு கையில் திருக்கணிதம், யாராவது ஒருவரிடம் சரியான மணிக்கூடு. நிழல் தொட்ட நிமிடத்தை அவர்களையே எழுதச் சொல்லுங்கள்.